மகவைப் பேணல் யார் கடன்?

மானுடப் பிறவி பெறுதற்கரியது என்பது சைவசமயிகளாகிய நம்மவர் யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆன்மாக்கள் மலம் நீங்கித் தம்மை அடையும்பொருட்டுச் சிவபெருமான் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் பெருங்கருணையினாலே கொடுத்தருளுகின்றார் என்று சித்தாந்த சாத்திரங்கள் கூறும். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம் முதலிய உட்கருவிகள். இவ்விரண்டும் உரம் பெறுவதும் ஊனமுறுவதும் பெரும்பாலும் தாய் வயிற்றில் இருக்குங் காலத்தும், பிறந்தபின் முதலிரண்டு ஆண்டுகளினும் என்று இக்காலத்து வைத்திய நூலார் கண்டிருக்கின்றனர். அங்ஙனமாயின், இறைவன் கொடுத்த கருவி முளையிலேயே வாடாதபடி காக்குங் கடன் யாருடையது? பெற்றோருடையதா, அயலாருடையதா, அரசினருடையதா? இவ்வினாவைச் சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் உபாத்தியாயர்கள் முன்னிலையில் வைத்து ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இவ்வினா எமக்கு ஏட்டிலே தோன்றியதன்று. 2022 ஆம் ஆண்டிலே இலங்கை முழுதும் பொருட்டட்டுப்பாட்டினால் வருந்திய நாட்களில், ஒருநாட் காலை எமது வித்தியாசாலை முன்றிலிலே பிள்ளைகள் தேவாரம் ஓதிக்கொண்டு நின்றபோது, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சோர்ந்து விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்து எழுப்பி வினவியபோது, முதனாள் இரவு வெறுந் தேநீர் மாத்திரம் பருகியதாகச் சொன்னாள். அவள் தந்தை கடற்றொழில் செய்பவர். மண்ணெண்ணெய் கிடையாமையால் அவர் படகு பல நாளாகக் கரையிலே கிடந்தது. அன்று மாலை எம்முள்ளே இதுபற்றிப் பேச்சு நிகழ்ந்தது. முதியவர் ஒருவர், "அது அப்பிள்ளையின் பிராரத்த வினை, நுகர்ந்தே தீரவேண்டும்" என்றார். இன்னொருவர், "பெற்றவர்கள் பார்க்கவேண்டிய காரியத்துக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?" என்றார். மூன்றாமவர் இரக்கமுள்ளவர், "நமது சபையிலே மாதம் ஒருமுறை அன்னதானம் வைப்போம்" என்றார். மூவரும் நல்லவர்களே, மூவர் சொல்லினும் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும், அம்மூன்றனையும் ஒருங்கு சேர்த்தாலும் அச்சிறுமிக்கு மறுநாட் காலையுணவு கிடைக்குமாறில்லை. ஆதலின் அம்மூன்றனையும் முறையே எடுத்து நோக்குவாம்.

முதலாவது, வினை என்னும் விடை. இன்பமும் துன்பமும் வினைக்கு ஈடாகவே வரும் என்பது நமது சமயக் கொள்கை; அதனை யாம் மறுத்திலேம். ஆனால், வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன், நாம் அல்லேம். ஒரு குழந்தை இன்ன வினையினாலே இன்ன துன்பத்தை இத்துணைக் காலம் நுகரவேண்டும் என்பதை அறியும் அறிவு நமக்கு உண்டோ? அறியாத ஒன்றை அறிந்தவர்போலப் பேசித் தீர்ப்புக் கூறுதல் நீதிபதியின் ஆசனத்தில் அழைப்பின்றி ஏறியிருத்தலை ஒக்கும். பசி அக்குழந்தையின் வினையாயின், அப்பசியைத் தீர்க்க நம் கண்முன்னே வந்து நேர்ந்தமையும் அதன் வினையாதல் கூடாதோ? அன்றியும், தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வினை என்று வாளாவிருந்த தகப்பன் ஒருவரை யாம் இதுகாறும் கண்டிலேம். தம் பிள்ளைக்கு மருந்தும் அயலான் பிள்ளைக்குப் பிராரத்தமும் என்று பங்கிட்டுக் கூறுவது சித்தாந்தம் அன்று. அது சுயநலம் சித்தாந்த உடை உடுத்து வருவதே. அக்குழந்தை நுகர்வது பிராரத்தமாகுக. அதனைக் கண்டும் காணார்போல நாம் கடந்து செல்வது நமக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதையும் அச்சாத்திரமே கூறுகின்றதன்றோ!

நமது புராணங்கள் இவ்விஷயத்திலே எவ்வாறு பேசுகின்றன என்பதையும் சிந்திப்போமாக. பாலுக்கு அழுத உபமன்னியு முனிவராகிய குழந்தைக்கு இறைவன் பாற்கடலையே அளித்தான். சீகாழித் திருக்குளக்கரையிலே மூன்று வயதுப் பிள்ளை அழுதபோது உமாதேவியார் பொற்கிண்ணத்திலே பால் கறந்து ஊட்டினார்; அப்பாலே ஞானமாயிற்று. ஞானத்தைக் கொடுக்கத் திருவுளங்கொண்ட அம்மையாரும் அதனைப் பாலாகவே கொடுத்தார் என்பதை உபாத்தியாயராகிய நாம் கவனிக்கவேண்டும். ஒட்டிய வயிற்றை முன்வைத்துக்கொண்டு நாம் எழுத்தை மாத்திரம் புகட்ட முயல்வது அத்திருக்கதையைக் கேட்டும் கேளாமையாகும்.

இரண்டாவது, பெற்றோர் கடன் என்னும் விடை. மக்களைப் பெற்று வளர்த்துச் சான்றோராக்குதல் பெற்றோரின் முதற்கடன் என்பதில் ஐயமில்லை. தாயின் அன்புக்கு ஈடாக எந்த இராசாங்கமும் எந்தச் சட்டமும் வரமாட்டா. ஆயினும், அன்பு வேறு; அன்பைச் செயலாக்கும் வாயில் வேறு. தந்தை தொழிலுக்குச் செல்ல ஆயத்தமாகவே இருந்தார், எண்ணெய் இல்லை. தாய் சமைக்க ஆயத்தமாகவே இருந்தாள், அரிசி இல்லை. அவ்வெண்ணெயும் அரிசியும் இல்லாதொழிந்தமை அவ்விருவர் குற்றமன்று. 2022 ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே அந்நியக் கடன்களைக் கொடுக்க இயலாது என்று நாடே கைவிரித்தது. அக்கடனைக் கொண்டவர்களுள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் இலள்.

பெற்றோரின் அன்பு எங்கும் ஒத்ததாயினும் பொது ஒழுங்கு ஒவ்வாதவிடத்துக் குழந்தைகளின் உடம்பும் ஒவ்வாது போம் என்பதற்கு நம் நாட்டிலேயே கண்கூடான சான்று உண்டு. 2016 ஆம் ஆண்டிலே செய்யப்பெற்ற குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கின் நூற்றுக்கு 17 பேர் அளவினர். மலையகத் தோட்டப்புறங்களில் நூற்றுக்கு 32 பேர் அளவினர். தோட்டத்துத் தாய் தன் மகவை ஏனைய தாயரிற் பாதியளவே நேசிக்கின்றாள் என்று யாரேனும் துணிந்து கூறுவரோ? கொழுந்து கூடையைச் சுமந்து விடியலிலே மலையேறும் அத்தாய்மாரின் முன்னோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினாலே குடியுரிமை இழந்தார்கள். அதன் வழியே வாக்குரிமையும் இழந்தார்கள். வாக்கில்லாதார் வாயிலை வைத்தியரும் உபாத்தியாயரும் கடைசியாகவே வந்து தட்டினர். சட்டத்தினால் நேர்ந்த குறை பிள்ளையின் எலும்பிலே எழுதப்படுகின்றது. அதனைத் தீர்ப்பதும் சட்டத்தினாலேயே ஆகவேண்டும்.

இதன் மறுதலையையும் கூறுவாம். 1926 ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி நிறுவப்பெற்றது. அதன்பின், வீடுதோறுஞ் சென்று கருவுற்ற தாயையும் பிறந்த மகவையும் பார்த்து வரும் குடும்பநல மாதரின் சேவை படிப்படியாக நாடெங்கும் பரவியது. 1940 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு நூற்றின் மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தன. இந்நாளிலே அத்தொகை பத்துக்கும் உட்பட்டது. அவ்வாறே, கன்னங்கரா அவர்களின் தலைமையிலே அமைந்த குழுவின் விதந்துரைகளை ஒட்டி 1945 ஆம் ஆண்டு ஐப்பசி முதலாகக் கல்வி இலவசமாயிற்று. 1980 இற் பாடநூல்களும், 1993 இற் சீருடையும் இலவசமாயின. 1945 க்கு முன் இருந்த தாய்மார் அன்பிற் குறைந்தவரல்லர்; அவர்களுடைய அன்புக்குத் துணை நின்ற கைகள் குறைவு. துணைக்கை வந்தபோது அதே அன்பு பன்மடங்கு பயன் விளைத்தது. ஆதலின், குடும்பத்துக்குச் செய்யும் பொது உதவி பெற்றோரின் கடனைப் பறிப்பதன்று. அக்கடனை இறுக்க அவர்களை வல்லராக்குவது என்க.

மூன்றாவது, தருமம் என்னும் விடை. இவ்விடையே நம்மவர்க்கு உவப்பானது. ஈகையும் ஒப்புரவும் நம் குருதியில் ஊறியவை. செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே நம் நாட்டார் வழங்குகின்றனர். கோயில் மடங்களிலே நிகழும் அன்னதானங்களினாலே இடர்நாட்களில் எத்தனையோ பேர் உயிர் தரித்திருக்கின்றனர். அவற்றை யாம் இகழ்ந்திலேம். மேன்மேலும் வளர்க என்றே வேண்டுகின்றேம். ஆயினும் நல்லூர்த் திருவிழா 25 நாள். குழந்தையின் பசிக்கோ கொடியேற்றமும் இல்லை, தீர்த்தமும் இல்லை. தருமம் கொடுப்போர் உள்ளத்தைப் பொறுத்தது; பசியோ உண்போர் வயிற்றைப் பொறுத்தது. கொடுப்போர் ஊரிலே இருக்கும் பிள்ளை உண்ணும். கொடுப்போர் இல்லாத ஊர்ப் பிள்ளை பார்த்திருக்கும். இந்நிலையில்லாமையை நீக்குவதற்கு ஒழுங்கு வேண்டும். ஒழுங்கிற்குச் சட்டமும், வரிப்பணமும், அவற்றை நடத்தும் உத்தியோகத்தரும் வேண்டும்.

இது சைவத்துக்குப் புறம்பான புதுக்கொள்கை என்று ஐயுறுவார்க்கு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் சரித்திரமே விடை பகரும். 1876, 1877 ஆம் ஆண்டுகளை ஒட்டி நேர்ந்த பஞ்சத்திலே நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார்கள். அம்மட்டோடு நின்றார்களோ? இல்லை. பஞ்சத்தினாலும் பேதிநோயினாலும் மக்கள் மடிய, அக்காலத்து அரசாங்க அதிபர் பாராமுகமாயிருந்தமையை எழுத்திலே வைத்துக் கண்டித்தார்கள். 1879 ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் செல்லவேண்டும் என்று முயன்றார்கள். ஒரு கையிலே கஞ்சி அகப்பை. மறு கையிலே எழுதுகோல். முன்னதைப் போற்றிப் பின்னதை மறந்த நாம் நாவலர் வழியிற் பாதியே நடக்கின்றேம்.

இனி, உதவி என்பது எப்படியாயினும் வந்தாற் போதுமோ என்று ஆராய்வாம். இது உணவினும் நுண்ணிய விஷயம். அமெரிக்க மிஷனார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தபின் உறைவிடப் பாடசாலைகளை நிறுவி, வறிய பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கொடுத்தனர். கொடுத்தது பெரிய உபகாரமே. ஆனால், அப்பிள்ளைகளுட் பலர்க்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் போய், கடலுக்கு அப்பாலிருந்து பணம் அனுப்பிய கனவான்களின் பெயர்கள் இடப்பெற்றன. உணவு வந்தது, பெயர் போயிற்று. யாமும் மிஷன் பாடசாலையிலே கற்றவர். எம் ஆசிரியர்கள் காட்டிய ஒழுங்கையும் உழைப்பையும் அன்பையும் சாமளவும் மறவேம். நாவலரவர்களும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று அங்கே கற்பித்தவர்களே. அவ்வனுபவத்தின் பயனாகவே 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் உதவிக்கு விலையாகக் குழந்தையிடமிருந்து எதனையும் பெறலாகாது என்பதே அச்சரித்திரம் நமக்குக் கற்பிக்கும் பாடம். இப்பாடம் பிறர்க்கு மாத்திரம் உரியதன்று. புத்தகப் பை ஒன்று கொடுத்து, அதனைக் கைநீட்டி வாங்கும் ஏழைப் பிள்ளையைப் படம் பிடித்து ஊரெங்கும் பரப்பும் நம்மவருக்கும் உரியதே. பெயரை வாங்கினாலென்ன, நாணத்தை வாங்கினாலென்ன, விலை விலையே.

உதவியின் இலக்கணத்தைப் பெரியபுராணத்திலே வரும் ஒரு சரித்திரம் மிக அழகாக விளக்குகின்றது. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் சோழநாட்டுத் திருவீழிமிழலையிலே தங்கியிருந்த காலத்திற் பெரும் பஞ்சம் வந்தது. இறைவன் இருவருக்கும் நாடோறும் பீடத்திலே ஒவ்வொரு காசு வைத்தருளினான். அக்காசுகொண்டு இருவரும் தத்தம் மடங்களிலே அடியார்களுக்கு அமுது செய்வித்து வந்தனர். ஆனால், அப்பர் சுவாமிகள் மடத்திலே உரிய காலத்தில் அமுது நிகழ, சம்பந்த சுவாமிகள் மடத்திலோ காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, தமக்குக் கிடைக்குங் காசு வாசியுடையது. அதாவது மாற்றும்போது வட்டம் கழிக்கப்படுவது. அதனாற் பண்டம் வாங்கத் தாமதமாகின்றது என்று பரிசனர் விண்ணப்பித்தனர். உடனே சம்பந்த சுவாமிகள் இறைவனைப் பாடி, வாசியில்லாக் காசு வேண்டிப் பெற்றனர்.

இச்சரித்திரத்தை நாம் பலகாற் படித்திருக்கின்றோம், பிள்ளைகளுக்குங் கற்பித்திருக்கின்றோம். அதன் ஆழத்தை நினைந்திலோம். காசு கொடுத்தவன் இறைவன். வாங்கினவர் அவன் பிள்ளை. அப்படியிருந்தும் காசு வந்தாற் போதும் என்று அவர் அமைந்திருந்தாரல்லர். பசித்தவர் உரிய வேளையில் உண்ணவில்லை என்பதைக் கண்டார், காரணம் கேட்டார், குறையைக் கொடுத்தவனிடத்திலேயே எடுத்துச் சொல்லித் தீர்த்தார். இறைவனிடத்தே வாசியைத் தீர்க்கும்படி வேண்டுவது அபசாரமன்றாயின், நம் வரிப்பணத்தைப் பங்கிடும் அரசினரிடத்து அவ்வாறு வேண்டுவது எங்ஙனம் அபசாரமாகும்?

நம் நாட்டிலே குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் வரும் உதவிகளை நோக்குமிடத்து அவற்றிலே மூவகை வாசி காணப்படுகின்றது. முதலாவது விலை வாசி. 1942 ஆம் ஆண்டு யுத்தகாலத்திலே தொடங்கிய அரிசிப் பங்கீடு பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. 1953 ஆம் ஆண்டிலே ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆவணியிலே நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்து, ஐப்பசியிலே பிரதம மந்திரி பதவி துறந்தார். பின்னர், 1979 ஆம் ஆண்டிலே பங்கீட்டரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையிலே பொறித்த தொகை நின்றவாறே நிற்க, சந்தையிலே விலை ஆண்டுதோறும் ஏறிற்று. சில ஆண்டுகளுள் முத்திரையின் பெறுமதி பெரிதும் தேய்ந்துபோயிற்று. 1953 இல் வெளிப்படையாக எடுத்தபோது நாடு எழுந்தது. 1979 க்குப் பின் விலையேற்றம் மெல்ல மெல்லத் தின்றபோது நாடு அவ்வாறு எழவில்லை. சத்தமின்றித் தேயும் காசே மிகவும் அஞ்சத்தக்கது.

இரண்டாவது கால வாசி. யாம் அறிந்த ஒரு சிறு வித்தியாசாலையிலே பிள்ளைகளுக்குச் சோறு சமைத்துக் கொடுக்கும் தாய் ஒருத்திக்கு உரிய பணம் மாதக்கணக்கிற் பிந்தியது. அவள் கடையிலே கடன் வாங்கிச் சமைத்தாள். கடைக்காரர் கடன் மறுத்த நாளிலே முட்டை நின்றது. பின்னர் மரக்கறி நின்றது. காகிதத்திலே திட்டம் நிறைவாக இருந்தது. பாத்திரத்திலே குறைவாக இருந்தது. திருவீழிமிழலை மடத்திலே நிகழ்ந்த தாமதமும் இவ்வகையினதே. 2022 இலே தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் திரிபோஷா மாவு தட்டுப்பட்டதையும் நினைக. மூன்று மாதம் பிந்தி வரும் மா அம்மூன்று மாதத்து வளர்ச்சியைத் திருப்பிக் கொண்டுவராது.

மூன்றாவது மான வாசி. உதவி பெறுவோரை வேறாக நிறுத்தி, நீ ஏழை என்று பிள்ளையின் நெற்றியிலே எழுதிக் கொடுப்பது இது. 2023 ஆம் ஆண்டிலே சமுர்த்தி உதவிகளுக்குப் பதிலாக அஸ்வெசும என்னுந் திட்டம் தொடங்கிற்று. அதிலே குடும்பங்களை நான்கு வகுப்பாகப் பிரித்து, மாதந்தோறும் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை முதலிலே வகுத்தனர். வறுமையை அளந்து கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் பிழையன்று. ஆனால் பெயர்ப்பட்டியல் வெளிவந்தவுடனே, விடுபட்டோம் என்று முறையிட்டோர் தொகை நாடெங்கும் பெருகியது. பட்டியலிலே பெரியவர் ஒருவரின் பெயர் தவறினால் அவர் மேன்முறையீடு எழுதலாம். ஒரு குழந்தையின் உணவு தவறினால் அது யாரிடம் எழுதும்? இதற்கு மாறாக, 2024 ஆம் ஆண்டிலே அரசினர் பாடசாலைகளில் முதலாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் உணவு என விரித்தமை பெரிதும் பாராட்டத்தக்கது. எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து உண்ணுமிடத்து ஏழை யார், செல்வர் யார் என்னும் வினாவே எழாது. கோயிற் பிரசாதத்துக்கு வறுமைச் சான்றிதழ் கேட்பார் யாரும் இலரன்றோ!

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இலவசமாகக் கொடுத்தாற் பெற்றோர் சோம்பேறிகளாவர் என்பது ஒன்று. கல்வி இலவசமானபோது பெற்றோர் சோம்பினார்களோ? பிள்ளையைப் படிப்பிக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தபோது, நம் விவசாயிகளும் கடற்றொழிலாளரும் தம் வயிற்றைக் கட்டியும் பிள்ளைகளைச் சர்வகலாசாலை வரை அனுப்பினர். நம்பிக்கையின்மையே மனிதனைச் சோம்பச் செய்வது. ஒருவேளை சோம்பும் தந்தை ஒருவர் இருப்பினும், அவர் குற்றத்துக்கு அவர் மகவைப் பட்டினியிடுதல் எந்த நீதி நூலிலும் இல்லை. நாடு கடன்பட்டிருக்கின்றது, பணம் இல்லை என்பது மற்றொன்று. உண்மையே. ஆயினும், வீட்டிலே அரிசி குறைந்த நாளிலே நம் தாய்மார் செய்வதென்ன? முதலிலே தம் கலத்தைக் குறைப்பர். பின்னர்க் கணவன் கலத்தை. கடைசிவரையும் குழந்தையின் கலத்தைக் குறையார். வறிய தாய்க்குத் தெரிந்த இவ்வரிசை முறை வரவுசெலவுத் திட்டம் வகுப்போருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே யாம் கேட்பது.

நமது சங்கங்களை நோக்கியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது. யுத்தம் 2009 இல் முடிந்தபின், தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளைச் சைவ சங்கங்கள் இல்லங்களிலே வைத்துப் பேணின; அது காலத்தினாற் செய்த பேருதவி. ஆனால் இந்நாளிலே நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பலர் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருக்கப் பெற்றவர். அவர்களை இல்லத்துக்கு அனுப்பியது பெரும்பாலும் அன்பின்மையன்று, வறுமை. கணவனை இழந்த தாய் ஒருத்தி கூலிக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச் செல்ல இடமின்றி, இல்லத்து வாயிலிலே கண்ணீரோடு ஒப்படைத்துச் செல்வதை யாம் கண்டிருக்கின்றேம். அப்பிள்ளைக்காக இல்லத்திலே செலவாகும் பணத்தில் ஒரு பகுதியேனும் அத்தாயின் கைக்குச் சென்றால், பிள்ளை தன் வீட்டு விளக்கின் முன்னிருந்து படிக்குமன்றோ? கட்டடம் கட்டிக் கல்வெட்டு வைத்தல் எளிது. ஒரு தாயின் அடுப்பை மாதந்தோறும் எரிய வைத்தல் அரிது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆயினும் புண்ணியம் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதன்று.

ஆதலின், சைவ வித்தியாசாலை உபாத்தியாயர்களே, நாம் செய்யத்தக்கன சில உண்டு. பள்ளியுணவு காலந்தாழாது வருகின்றதா, தொகை சந்தை விலையோடு ஒத்து உயர்கின்றதா என்பதை மாதந்தோறும் குறிப்பேட்டிற் பதிந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவோமாக. வராத பிள்ளையின் பெயருக்கு நேரே குறியிடுவதோடு நில்லாது, ஏன் வரவில்லை என்று வீட்டுக்குச் சென்று வினவுவோமாக. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் விதியிருப்பது பெற்றோரை அச்சுறுத்துதற்கன்று, நம்மை எழுப்புதற்கே. அஸ்வெசுமப் பட்டியலிலே விடுபட்ட தாய்க்கு மேன்முறையீடு எழுதிக் கொடுப்பது, ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதினும் தாழ்ந்த வேலையன்று. நம் ஊரிலே குடும்பநல மாதின் பதவி வெறிதாயிருக்குமாயின், அதனை நிரப்பும்படி சைவ சங்கங்களின் பெயரால் விண்ணப்பஞ் செய்வோமாக. சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலே கோயிற் காரியங்களோடு குழந்தைகள் காரியமும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறச் செய்வோமாக. மலையகப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் அல்லர் என்னும் எண்ணத்தை முதலிலே நம் உள்ளத்திலிருந்து களைவோமாக.

இவையெல்லாம் உபாத்தியாயர் வேலையோ என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவாம். 1931 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. விவசாயிக்கு வாக்கு உண்டு, கூலியாளுக்கு வாக்கு உண்டு, முதியோர்க்கும் உண்டு. குழந்தைக்கு இல்லை, எக்காலத்தும் இருக்கப்போவதும் இல்லை. வாக்கில்லாதார் எவ்வாறு மறக்கப்படுவர் என்பதை மலையகத்தார் சரித்திரத்திலே கண்டோம். ஆதலின் குழந்தைக்காகப் பேசும் வாய் வேறொருவருடையதாகவே இருத்தல் வேண்டும். தாய்க்கு அடுத்தபடியாக ஒரு குழந்தையின் முகத்தை ஆண்டிலே அதிக நாள் பார்ப்பவர் உபாத்தியாயரே. முகம் வாடியதை முதலிற் காண்பவர் வாய்திறவாதிருப்பாராயின், காணாதவர் எவ்வாறு திறப்பர்?

அச்சிறுமி இப்பொழுது மேல்வகுப்பிலே படிக்கின்றாள். அவள் படகுக்குடும்பம் பிழைத்தது. அன்று சோர்ந்து விழுந்ததை அவள் மறந்திருக்கவுங் கூடும். யாம் மறந்திலேம். அன்று எமது சபையிலே மூன்று விடைகள் கூறப்பட்டன. நான்காம் விடையை அன்றே யாம் கூறியிருத்தல் வேண்டும், கூறாதொழிந்தேம். அதனை இன்று கூறுகின்றேம். குழந்தை பெற்றோரின் செல்வம். அயலாரின் அன்புக்கு உரியது. ஆயினும் அதன் உடம்பும் உள்ளமும் இறைவன் தந்த கருவிகளாதலால், அவற்றைக் காத்தல் அவ்விறைவனை வணங்குவோர் அனைவருக்கும் பொதுக்கடன். பொதுக்கடனைப் பொது ஒழுங்கினாலேயே இறுத்தல் வேண்டும். அவ்வொழுங்கு தரும் காசு விலையாலும் காலத்தாலும் மானத்தாலும் வாசியில்லாததாகுக. அதனை வேண்டிப் பெறும் வாய்மையும் உறுதியும் நமக்கு உண்டாகும்பொருட்டுத் திருவீழிமிழலைப் பெருமான் திருவருளைச் சிந்திப்போமாக.

திருச்சிற்றம்பலம்.